மையம் பிசகாத பிடி

வெள்ளவத்தை என்றதும் காலி வீதியின் இரு மருங்கிலும் நிறைந்த புடைவைக் கடைகளும், உணவகங்களும், மேற்கே புகையிரதப் பாதையும், அதற்கப்பால் கடலுமே பலருடைய நினைவில் எழும். இவ்வூருக்கு வேறொரு முகமும் இருந்தது. ஹவ்லொக் வீதியை அடுத்து, பஞ்சை நூலாக்கி நூலைத் துணியாக்கும் பெரிய ஆலையொன்று இங்கே பல்லாண்டுகள் இயங்கியது. 1933-ஆம் ஆண்டு அந்த ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. கொல்வின் ஆர். டி சில்வா அதில் முன்னின்றவர். ஆலை மறைந்து, இன்று அந்நிலத்தில் மாடிமனைகள் உயர்ந்து நிற்கின்றன.

நூற்பாலை ஒன்றில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும். ஒரு கதிர் தன் மையத்திலிருந்து சிறிது பிசகினாலும் அது அதிரும், நூல் அறும், தாங்கி தேயும். அத்தகைய ஆலையில் தேய்ந்த தண்டுகளையும் உருளைகளையும் திருத்திக் கொடுப்பது கடைசல் யந்திரத்தின் வேலை. எனவே ஆலையின் மையம் கடைசல் யந்திரத்தின் மையத்தை நம்பியிருக்கிறது. அந்தக் கடைசல் யந்திரமே மையம் பிசகினால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கூறுவது, யந்திரத்தின் முகப்பில் வேலைப்பொருளை இறுகப் பற்றிச் சுழலும் ‘சக்’ என்னும் உறுப்பாகும்.

நூற்பாலைக்கு மட்டும் உரிய கேள்வியன்று இது. 1854-ஆம் ஆண்டு ஜோன் வாக்கர் என்பவர் கண்டியிலே கோப்பித் தோட்டங்களுக்கான யந்திரப் பட்டறையைத் தொடங்கிய காலம் முதல், இலங்கையின் தோட்டத் தொழிலும் கடைசல் யந்திரத்தையே சார்ந்து வளர்ந்தது. வெள்ளவத்தையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் தெகிவளையையும் கல்கிசையையும் கடந்ததும் இரத்மலானையை அடைகிறது. அங்கே புகையிரதப் பகுதியின் பெரிய வேலைத்தலம் இருக்கிறது. வடக்கே கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலோ கப்பல் உறுப்புகளுக்கு இதே தேவை உண்டு. பெரிய வேலைத்தலம் ஆயினும், ஒழுங்கையில் ஒரே ஒரு யந்திரத்தை வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறை ஆயினும், சக் ஒன்றே.

இந்த உறுப்பின் வரலாறு பழமையானது. கடைசல் யந்திரத்தின் வெட்டுக்கருவியை மனிதன் கையால் பிடித்திருந்த நிலையை மாற்றி, அதனைத் திருகினால் நகரும் உறுதியான தாங்கியில் பொருத்திச் சிறப்பித்தவர், 1800-ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் வாழ்ந்த ஹென்றி மோட்ஸ்லி. அவருடைய பட்டறையில் மிக நுண்ணிய அளவுமானி ஒன்று இருந்தது. அளவு பற்றிப் பட்டறையில் வழக்கெழுந்தால் அதன் தீர்ப்பே முடிவானது. ஆகவே அதற்கு ‘லோர்ட் சான்சலர்’ என்று நீதித்துறையின் பெரும் பதவியொன்றின் பெயரையே சூட்டியிருந்தார்கள். வெட்டுக்கருவியைப் போலவே வேலைப்பொருளைப் பற்றும் முறையும் திருந்த வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840-இல் விரிந்து சுருங்கும் சக்குக்கு உரிமம் பெற்றார். அவருடைய மருமகனான குஷ்மன் அதனை மேலும் வளர்த்தார்.

இன்று பெரும்பாலான பட்டறைகளில் காணப்படுவது மூன்று தாடைகள் கொண்ட சக். அதன் உடலில் சாவி நுழையும் துளைகள் உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் சிறு பற்சக்கரம் சுழலும். அது ஒரு வட்டத்தட்டின் பின்புறத்திலுள்ள பற்களைத் தள்ளித் தட்டைச் சுழற்றும். தட்டின் முன்புறத்தில், சுருட்டி வைத்த நுளம்புத்திரி போலச் சுருள் வரி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சுருளில் மூன்று தாடைகளின் பற்களும் பொருந்தியிருப்பதால், தட்டு சுழலும்போது மூன்றும் ஒருங்கே மையத்தை நோக்கி நகரும். வேலைப்பொருள் தானாகவே மையத்தில் அமைந்துவிடும். இந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லே கைவினைஞரைச் சில வேளைகளில் ஏமாற்றிவிடுகிறது. தானாக மையம் கொள்ளும் கருவி எப்பொழுதும் சரியான மையத்தையே கொள்ளும் என்று அவர் நம்பிவிடுகிறார்.

சக் சற்று மையம் பிசகியிருந்தாலும் சில வேலைகள் கெடுவதில்லை. ஒரு பொருளை ஒருமுறை பற்றியபின், கழற்றாமலே எல்லா முகங்களையும் கடைந்து முடித்தால், அம்முகங்கள் யாவும் யந்திரத்தின் சுழல்தண்டோடு ஒத்த மையத்திலேயே அமையும். பொருளைக் கழற்றித் திருப்பி மறுபுறம் பற்றும்போதுதான் குறை வெளிப்படும். முதற்புறத்தின் மையமும் மறுபுறத்தின் மையமும் வேறுபட்டுவிடும். நீரிறைக்கும் யந்திரத்தின் தண்டொன்று அவ்வாறு கடையப்பட்டால், பார்வைக்கு அழகாக மின்னும். பூட்டி ஓட்டியதும் அதிரும். சில வாரங்களில் அதன் தாங்கி உடையும். பணம் கொடுத்துச் செய்வித்தவர் தண்டின்மீது குறைகூறுவார். தண்டு செய்தவர் தாங்கியின்மீது குறைகூறுவார். சக் குறைகூறப்படாமலே அடுத்த வேலையைப் பற்றிக்கொண்டிருக்கும்.

மற்றோர் இழப்பும் உண்டு. பட்டறைகளில் ‘தேய்ந்துவிட்டது’ என்று ஒதுக்கப்படும் சக்குகள் சில, உண்மையில் அழுக்கடைந்தவை மட்டுமே. இலங்கைக்கு இத்தகைய கருவிகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. 2022-இல் வெளிநாட்டுச் செலாவணி வற்றியது. அத்தகைய காலங்களில், ஒரு கருவியைத் துப்புரவாக்கி மீண்டும் வழங்கச் செய்யத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வேறுபாடு, பட்டறை திறந்திருப்பதற்கும் மூடப்படுவதற்கும் உள்ள வேறுபாடாக அமைந்துவிடலாம்.

துப்புரவு செய்யப் புகுமுன் அளவு பார்த்துக் குறித்துக்கொள்வது முறையாகும். வைத்தியன் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பது போன்றது இது. முன்னைய அளவு தெரியாவிட்டால், செய்த வேலையால் குணம் உண்டாயிற்றா என்று பின்னர் கூற இயலாது. அதன்பின் யந்திரத்தின் மின்சாரத் தொடர்பைத் துண்டித்து, யந்திரப் படுக்கையின்மீது தடித்த பலகை ஒன்றை இட வேண்டும். சக் கனமானது. கைநழுவி விழுந்தால் விரல் நசுங்கும். படுக்கையின் வழுவழுப்பான மேற்பரப்பும் வடுப்படும். அந்த வடு யந்திரத்தின் ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும்.

கழற்றும்போது அடையாளமிடுதல் இன்றியமையாதது. உடலும் பின்தட்டும் எந்த நிலையில் பொருந்தியிருந்தன, எந்தப் பற்சக்கரம் எந்தத் துளையில் இருந்தது என்பவற்றைச் சிறு புள்ளிகளால் குறித்துக்கொள்ள வேண்டும். தாடைகளில் 1, 2, 3 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை நுழையும் காடிகளிலும் அவ்வெண்கள் இருக்கும். அழுக்கு மூடியிருந்தால் முதலில் அவ்வெண்களைத் துடைத்துத் தெளிவாக்க வேண்டும். தாடைகளை வெளியேற்றி, திருகாணிகளைத் தளர்த்தி, பற்சக்கரங்களையும் சுருள்தட்டையும் மெதுவாக எடுத்தால், உள்ளே இருப்பதைக் கண்டு புதியவர் திகைப்பார். வார்ப்பிரும்பின் தூளும் பழைய எண்ணெயும் கலந்து, கறுத்த களிபோல் உறைந்திருக்கும். நுண்ணிய இரும்புச் சீவல்கள் சுருளின் பள்ளங்களில் அழுந்திக் கிடக்கும். அந்தக் களி எண்ணெயைப் போல் தோன்றினாலும், செயலில் சாணைப்பொடியை ஒத்தது. ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும் அது பற்களை அரைத்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயிலே ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். சுருளின் பள்ளத்தை அதன் வழியே தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்றித் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு ஒரு வரியிலிருந்து மறு வரிக்கு மாறுமேயன்றி வெளியேறாது. அழுத்தக் காற்றை ஊதித் தூளைப் போக்குவது எளிதெனத் தோன்றும். அது தூளை மேலும் ஆழமான இடுக்குகளுக்குள் செலுத்துவதோடு, சீவல்களைக் கண்ணிலும் பாய்ச்சும். மண்ணெண்ணெயின் அருகே நெருப்பு இருத்தல் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பட்டறையில் பீடி புகைப்போர் இருப்பதனால் அதையும் சொல்லியே ஆகவேண்டும்.

கழுவி உலர்த்தியபின் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, விரல் நுனியாலும் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேனும் அடிபட்டுப் பிசிறு எழும்பியிருந்தால், நுண்ணிய எண்ணெய்க்கல்லால் அந்த எழுச்சியை மட்டும் தேய்த்துவிடலாம். அரத்தை எடுப்பது தவறு. அரம் பிசிறோடு நில்லாது நல்ல உலோகத்தையும் உண்ணும். போன உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க எவராலும் இயலாது. இதன்பின் மெல்லிய படலமாக எண்ணெயோ கிரீஸோ இட்டால் போதும். மிகுதியாகப் பூசப்பட்டது சக் சுழலும்போது தெறிக்கும். தெறிக்காமல் எஞ்சியது புதிய சீவல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மீண்டும் பொருத்துவதில் வரிசையே முதன்மையானது. சுருள்தட்டை வைத்தபின் அது தங்குதடையின்றிச் சுழல்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். பற்சக்கரங்களை அவரவர் வீட்டிற்கே அனுப்புவது போல், உரிய துளைகளிலேயே இட வேண்டும். அடுத்துத் தாடைகள். அவை ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. சுருள் ஒரு சுற்றில் ஒரு வரி அளவு உள்ளே செல்கிறது. ஆதலால் 1-ஆம் தாடைக்கும் 2-ஆம் தாடைக்கும், 2-ஆம் தாடைக்கும் 3-ஆம் தாடைக்கும் பற்களின் இருப்பிடம் ஒரு வரியின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பிச் சுருளின் தொடக்க முனை 1-ஆம் காடியில் தோன்றும் வரை பார்த்திருந்து, அதனைச் சற்றுப் பின்வாங்கச் செய்து, 1-ஆம் தாடையை அழுத்திச் சாவியைத் திருப்ப வேண்டும். முனை 2-ஆம் காடியை அடையும்போது 2-ஆம் தாடை; பின்னர் 3-ஆம் தாடை. மூன்றையும் மையம் வரை கொண்டுவந்தால் மூன்று முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒன்று முந்தியோ பிந்தியோ நின்றால் ஒரு வரி தவறியிருக்கிறது என்று பொருள். அப்பொழுது தட்டிச் சரிசெய்ய முயலாமல், மூன்றையும் வெளியேற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சக்கை யந்திரத்தில் ஏற்றுமுன், சுழல்தண்டின் முகப்பையும் பின்தட்டின் முகத்தையும் துடைப்பது சிறு வேலை. அதை மறப்பதன் விளைவு பெரிது. 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள சக்கின் ஒரு விளிம்பில் 0.05 மில்லிமீற்றர் பருமனுள்ள சீவலொன்று சிக்கிக்கொண்டதாகக் கொள்ளலாம். அது ஒரு தலைமயிரின் பருமனுக்கு மேற்படாது. அதனால் சக் சாயும். சக்கின் முகத்திலிருந்து 100 மில்லிமீற்றர் தொலைவில், பற்றிய தண்டு 0.025 மில்லிமீற்றர் விலகி நிற்கும். சுழலும்போது அளவுமானியின் முள் அதன் இருமடங்கான 0.05 மில்லிமீற்றர் ஆடும். ஒரு மயிரளவு அழுக்கு, ஒரு நாள் உழைப்பைக் கெடுக்கப் போதுமானது.

இனிச் செம்மை பார்த்தல். இதற்கு உதவுவது கடிகாரம் போன்ற முகமும் முள்ளும் கொண்ட டயல் கேஜ் என்னும் மானி. அதன் முள் 0.01 மில்லிமீற்றர் அசைவையும் காட்டும். பலர் உடனே சக்கில் ஒரு தண்டைப் பற்றி அதன்மீது மானியை வைப்பர். அது முறையன்று. முதலில் சுழல்தண்டின் முகப்பையே அளக்க வேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் குறை சக்கினுடையதன்று, யந்திரத்தினுடையது. அடுத்து, சக்கின் உடலை அளக்க வேண்டும். அதன்பிறகே, சாணை பிடித்துத் துல்லியமாக்கிய சோதனைத் தண்டைப் பற்றி, தாடைகளை ஒட்டி ஓரிடத்திலும் 100 மில்லிமீற்றர் தள்ளி மற்றோரிடத்திலும் அளக்க வேண்டும். யந்திரத்தை மின்சாரத்தால் ஓட்டாமல், கையால் மெதுவாகச் சுழற்றி முள்ளைக் கவனித்தல் வேண்டும்.

அளவைப் படிப்பதற்கும் அறிவு தேவை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஆட்டம் தெரிந்தால், மையம் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. தொலைவில் ஆட்டம் மிகுந்தால், தண்டு சாய்ந்து நிற்கிறது. பின்தட்டில் அழுக்கு இருக்கலாம், அல்லது தாடைகள் வாய் அகன்று தேய்ந்திருக்கலாம். பின்னதை அறிய மெல்லிய காகிதத் துண்டு போதும். தாடைக்கும் தண்டுக்கும் இடையே முன்புறத்தில் ஒன்று, பின்புறத்தில் ஒன்று என வைத்து இறுக்கி இழுத்துப் பார்த்தால், பின்புறக் காகிதம் இறுகி முன்புறக் காகிதம் நழுவிவருமானால் தாடையின் வாய் தேய்ந்திருக்கிறது. சுருளின் தேய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. ஆதலால் வெவ்வேறு விட்டமுள்ள தண்டுகளைப் பற்றியும் பார்க்க வேண்டும். சாவித் துளைகள் மூன்று இருந்தால், ஒவ்வொன்றின் வழியாகவும் இறுக்கிப் பார்த்து, எதில் முள் குறைவாக ஆடுகிறதோ அதற்கு அடையாளமிடுவது நல்ல பழக்கம்.

நல்ல நிலையிலுள்ள மூன்று தாடைச் சக்கில் முள் 0.05 முதல் 0.08 மில்லிமீற்றர் வரை ஆடினால் அது சாதாரணமே. அதைவிடச் செம்மை வேண்டுமானால், ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும் நான்கு தாடைச் சக்கில் மானியின் துணையோடு மையம் பார்க்க வேண்டும். வாய் தேய்ந்த தாடைகளை யந்திரத்திலேயே சாணை பிடித்துச் செம்மை செய்யலாம். அப்பொழுது தாடைகளின் பின்முனை ஒரு வளையத்தை இறுகப் பற்றியிருக்க வேண்டும். சும்மா நிற்கும் தாடையைச் சாணை பிடித்தால், வேலைப்பொருளை இறுக்கியதும் அது வேறு நிலைக்கு மாறிவிடும். சாணைத் தூள் படுக்கையில் விழாமல் துணியால் மூடுவதும் அவசியம். ஒன்றை மட்டும் எக்காலத்தும் மறக்கலாகாது: இறுக்கி முடிந்ததும் சாவியைச் சக்கிலே விட்டுவைக்கக்கூடாது. அதை மறந்து யந்திரத்தை ஓட்டினால், சாவி எறியப்பட்டு எதிரே நிற்பவரைத் தாக்கும்.

அளப்பதிலே இத்தகைய ஒழுங்கை உலகம் முழுவதும் பரப்பியவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த பேராசிரியர் கேயோர்க் ஷ்லெசிங்கர். புதிய யந்திரம் ஒன்றை எந்த வரிசையில் சோதிப்பது, எவ்வளவு பிழையைப் பொறுப்பது என்பவற்றை வகுத்து 1927-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர், செய்தவன் ‘நன்றாக இருக்கிறது’ என்பதும் வாங்கியவன் ‘நன்றாக இல்லை’ என்பதும் போய், இருவரும் ஒரே மானியைப் பார்த்துப் பேசும் நிலை வலுப்பெற்றது. யூதராகிய அவர், நாஜி ஆட்சியின் காரணமாகத் தாய்நாட்டை விட்டு நீங்கி, 1949-இல் இங்கிலாந்திலே காலமானார். மனிதரைப் பிறப்பால் அளந்த ஓர் அரசு, யந்திரத்தை உண்மையால் அளக்கக் கற்பித்தவரைத் துரத்தியது என்பது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

இலங்கைப் பெற்றோருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மருதானையில் 1893-ஆம் ஆண்டு தொழில்நுட்பப் பாடசாலை திறக்கப்பட்டது. ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பட்ட பயிற்சி நிலையம் இன்று மொரட்டுவையில் இயங்குகிறது. 1972-இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்சார்ந்த பாடங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி கைவிடப்பட்டது. வழிகள் இருந்தும், மகன் மேசைமுன் அமர்ந்து எழுதினால் பெருமை, எண்ணெய் படிந்த கையோடு வீடு திரும்பினால் சிறுமை என்ற எண்ணம் பல இல்லங்களில் இன்னும் நீங்கவில்லை. பரீட்சையில் குறைந்த புள்ளி பெற்றவனுக்கே பட்டறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

மேலே கூறிய வேலையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். கழற்றுமுன் அளந்து குறித்தல். வரிசை பிறழாமல் செய்தல். குறை எங்கே என்று தெரியுமுன் எதன்மீதும் பழி சுமத்தாதிருத்தல். ஒவ்வொரு காரணமாக நீக்கி உண்மைக் காரணத்தை அடைதல். தன் கைவேலையையே மானியின்முன் நிறுத்தி அதன் தீர்ப்பை ஏற்றல். கணிதமும் விஞ்ஞானமும் தருக்கமும் மாணவனிடத்தில் வளர்க்க விரும்புவது இவற்றையே. பட்டறையில் இவற்றைக் கற்ற இளைஞன் கல்வியில் குறைந்தவன் என்று எவ்வாறு கூறுவது?

வெள்ளவத்தையின் ஆலைக் கதிர்கள் நின்று போயின. ஆயினும் தையல் யந்திரமும், நீரிறைக்கும் யந்திரமும், மோட்டார் வண்டியும் இந்நகரில் நாள்தோறும் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன. அவற்றிலே ஏதேனும் ஒன்று அதிராமல் அமைதியாக ஓடும்போது, எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் சக்கைக் கழற்றி, கழுவி, எண் பார்த்துப் பொருத்தி, மானியின் முள் அடங்கும் வரை பொறுமையோடு நின்றிருக்கிறார் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தால், அவருக்கு உரிய மதிப்பு தானே கிட்டும்.